குழந்தைகளின் மூளை ஸ்கேன் எண்கள் ஒத்துப்போகவில்லையா? அறிகுறி வாரியாக எங்கே பார்ப்பது

சென்னையில் பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனாக இருக்கிறேன். வழக்கமான நோயாளிகள் போக, பள்ளிப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பார்க்கிற ஓர் ஆய்வுக்காகவும் படம் எடுத்துக் கொடுக்கிறோம். காசிமேடு, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள்தான் வருவார்கள்.

போன வருடம் காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா கையில் ஒரு தாளோடு வந்து நின்றார். அவர் மகனுக்கு ஒன்பது வயதில் ஒரு ஸ்கேன், பத்து வயதில் ஒரு ஸ்கேன். ஆய்வுக்காக மட்டும் கணக்குப் போட்ட தாளை யாரோ தவறுதலாக அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். மூளையின் சாம்பல் பகுதி (நரம்பு செல்கள் நிறைந்த பகுதி) அளவு முதல் வருடத்தைவிட இரண்டாம் வருடம் குறைவாக அதில் இருந்தது. "மேடம், புள்ளைக்கு மூளை சுருங்குதுன்னு போட்டிருக்கீங்களே, இன்னா அது?" என்று கேட்டார். குரல் நடுங்கியது. எனக்கு அப்போது சொல்லப் பதில் இல்லை, தேடிப் பார்க்க மூன்று வாரம் ஆனது. அந்தத் தேடலில் கற்றதையும், அதற்குப் பிறகு பிள்ளைகளின் படங்களில் திரும்பத் திரும்பப் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் டெக்னீஷியன்களுக்கும், தரவை வாங்கிக் கணக்குப் போடும் மாணவர்களுக்கும் உதவும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். காசிமேடு மீன் ஏலக் கூடத்தில் ஒரே வஞ்சிரத்தை இரண்டு முறை தராசில் வைத்து இரண்டு எடை வந்தால் கோளாறு தராசில். எல்லா மீனுக்கும் 100 கிராம் கூடுதலாகக் காட்டினாலும் தராசுதான், ஆனால் வேறு வகைக் கோளாறு. இரண்டு வஞ்சிரம் இரண்டு எடை இருந்தால் அது கடலில் வளர்ந்த விதம், அதில் சரிசெய்ய எதுவும் இல்லை. எண் ஒத்துப்போகவில்லை என்று வருகிற ஒவ்வொரு சிக்கலும் இந்த மூன்றில் ஒன்றாகவோ, பெரும்பாலும் மூன்றும் கலந்தோ இருக்கும்.

அறிகுறி: படத்தில் அலை அலையாக வளையம், மூளையின் மேலடுக்கான புறணியின் ஓரம் மங்கல்

பிள்ளை அசைந்திருக்கிறது. ஒரு நல்ல கட்டமைப்புப் படம் (மூளையின் வடிவத்தைக் காட்டும் படம்) எடுக்க ஐந்தாறு நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுக்கச் சேர்த்த சமிக்ஞையில் இருந்துதான் மொத்தப் படமும் உருவாகிறது, அதனால் நடுவில் ஒரு முறை மூக்கைச் சொறிந்தால் கெடுவது ஒரு துண்டு மட்டும் அல்ல, முழுப் படமும்தான்.

இதற்கு மென்பொருளில் மருந்து தேடாதீர்கள், மேசையிலேயே சரிசெய்ய வேண்டும். எங்கள் பழக்கத்தைச் சொல்கிறேன். ஸ்கேனுக்கு முந்தின நாளே மெஷின் சத்தத்தை போனில் பதிவுசெய்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். "விசைப்படகு இன்ஜின் மாதிரி இருக்குக்கா" என்று ஒரு பாப்பா சொன்னதில் இருந்து நாங்களும் பிள்ளைகளிடம் அப்படியே சொல்கிறோம், கடலோரப் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் பயம் தருவதில்லை. காத்திருக்கும் இடத்தில் அடியும் மூடியும் இல்லாத பெரிய நீல டிரம் ஒன்றைப் படுக்கப் போட்டு வைத்திருக்கிறோம். அதற்குள் படுத்து 'ஸ்டாச்சு' விளையாட வேண்டும், அசைந்தால் அவுட். பத்து நிமிடம் விளையாடிய பிள்ளை உள்ளே போய் அமைதியாகக் கிடக்கும். சிறுநீர் கழிக்க வைத்துவிட்டு ஏற்றுங்கள். தலைக்கு இரண்டு பக்கமும் பஞ்சு வையுங்கள். தலையைச் சுற்றி வைத்து சமிக்ஞை வாங்கும் காயில் பெரியவர்கள் தலைக்கு அளவெடுத்தது, பிள்ளையின் கழுத்து குட்டை என்பதால் தலை காயிலின் மேல்பகுதி வரை எட்டாமல் கீழேயே நின்றுவிடும், தோளுக்கும் முதுகுக்கும் அடியில் துணி மடித்து வைத்து ஏற்ற வேண்டும். எடுத்த உடனே கன்சோலில் பெரிதாக்கிப் பாருங்கள். பிள்ளை இறங்கிப் போன பிறகு பார்த்து ஒரு பயனும் இல்லை.

மூளையின் செயல்பாட்டைப் பார்க்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அசைவு இன்னும் மோசமாக ஏமாற்றும். ஒவ்வொரு படத்துக்கும் தலை எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு திரும்பியது என்று ஆறு எண்கள் கிடைக்கும். திரும்பியதை 50 மில்லிமீட்டர் ஆரமுள்ள கோளத்தின் மேல் நகர்ந்த தூரமாக மாற்றி எல்லாவற்றையும் கூட்டினால் ஒரே எண். அது 0.2 மில்லிமீட்டரைத் தாண்டிய படங்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது கறாரான வழக்கம், 0.5 வரை விடுகிறவர்களும் உண்டு. 2012இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் காட்டின: சின்ன அசைவுகூட அருகருகே உள்ள பகுதிகளின் இணைப்பை (சமிக்ஞைகள் சேர்ந்து ஏறி இறங்கும் அளவை) கூட்டியும் தூரத்துப் பகுதிகளின் இணைப்பைக் குறைத்தும் காட்டுகிறது. சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்து இணைப்பு அதிகம், வளர வளரத் தூரத்து இணைப்பு வலுக்கிறது என்று அதுவரை சொல்லிவந்தார்கள் இல்லையா, அதில் ஒரு பங்கு சின்னப் பிள்ளைகள் அதிகம் அசைகிறார்கள் என்பதால் மட்டுமே வந்தது. மூளை வளர்ச்சி என்று நினைத்ததில் ஒரு பகுதி தலையாட்டல். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, ஏனென்றால் அந்தத் தலையாட்டலைத் தடுக்க முடிந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது என்னைப் போன்றவர்கள்தான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் பிள்ளை தூங்கிவிடும். அசைவு குறைவாக இருக்கும், ஆனால் தூங்குகிற மூளையின் இணைப்பு வேறு. சினிமாப் படம் போட்டுக் காட்டினால் அசையாமல் இருப்பார்கள், அதுவும் இணைப்பை மாற்றும். எதுவானாலும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள், தூங்கியதா என்று குறித்து வையுங்கள்.

அறிகுறி: படம் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் ஒரு குழுவின் புறணி மட்டும் மெலிதாக வருகிறது

இதுதான் ஆபத்தானது. கண்ணுக்குத் தெரியாத அசைவும் அளவை இழுக்கும். பெரியவர்களைப் படுக்க வைத்து வேண்டுமென்றே தலையாட்டச் சொல்லி எடுத்த ஒரு சோதனை 2015இல் வெளியானது. அசைய அசைய சாம்பல் பகுதியின் அளவும் தடிமனும் குறைவாகப் பதிவாயின. அவர்களுடைய மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அளந்த விதம்தான் கெட்டது. பார்வையில் தேறிவிட்ட படங்களிலும் லேசான அசைவு இப்படி இழுப்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

இப்போது யோசித்துப் பாருங்கள். கவனக் குறைவும் துறுதுறுப்பும் உள்ள பிள்ளைகள் ஒரு குழு, மற்றவர்கள் ஒரு குழு. முதல் குழு கூடுதலாக அசையும். "அவர்கள் புறணி மெலிது" என்று முடிவு வந்தால், மூளையைச் சொல்கிறதா அசைவைச் சொல்கிறதா? கட்டமைப்புப் படத்தில் அசைவை நேராக அளக்க எண் இல்லாதபோது, அதே பிள்ளை அதே நாளில் எஃப்.எம்.ஆர்.ஐ.யில் எவ்வளவு அசைந்தது என்பதைக் கடன் வாங்கி, கணக்கில் சேர்த்துப் பாருங்கள். வித்தியாசம் அப்படியே நிற்கிறதா, கரைகிறதா என்று தெரிந்துவிடும்.

மோசமான படங்களைத் தூக்கிவிட்டால் முடிவு எவ்வளவு மாறும் என்பதற்கு 2016இல் வந்த ஓர் ஆய்வு நல்ல சான்று. தரம் குறைந்த படங்களோடு சேர்த்துப் போட்டால் புறணித் தடிமன் வயதோடு ஏறி இறங்கும் வளைகோடாக வந்த பல இடங்கள், கறாராகச் சலித்த பிறகு நேராக இறங்கும் கோடாகிவிட்டன.

அதற்காக அசைந்த பிள்ளைகளை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அசைகிற பிள்ளை யார்? வயதில் சிறியவர், பயந்தவர், கவனம் நிற்காதவர். அவர்களைத் தள்ளினால் மிஞ்சுவது சமத்துப் பிள்ளைகளின் மூளை மட்டும். எங்கள் பகுதியில் தூரத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி, வேலைக்குப் போகிற அம்மா அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கூட்டி வருகிற பிள்ளை களைத்துப்போய்தான் வரும். அதன் படத்தை நீக்கும்போது யாரை நீக்குகிறோம் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். முடிந்தால் இன்னொரு நாள் கூப்பிடுங்கள், எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே மாதிரியான கதிர்வீச்சு இல்லை, மறுபடி எடுக்கலாம்.

சட்டென்று கண்டுபிடிக்கக் கூடியவை

படத்தின் குறுக்கே புள்ளி புள்ளியாக ஒரு நேர்கோடு ஓடினால் அறைக் கதவு சரியாக மூடவில்லை, அல்லது உள்ளே ஏதோ மின் கருவி இருக்கிறது. மூக்கு பின்மண்டையில் தெரிந்தால் எடுத்த பரப்பு போதவில்லை, பெரிதாக்கி எடுங்கள். முன்பக்கம் கருப்புக் குழி என்றால் பல்லுக்குப் போட்ட கம்பி. இந்த வயதில் அது சகஜம், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து, உள்பாவாடையில் குத்திய ஊக்கு, ஹேர்பின், இரும்பு கலந்த கண்மை எல்லாவற்றையும் அம்மாவிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும், இதில் படத்தைவிடப் பிள்ளையின் பாதுகாப்பு பெரிது. ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று இருந்தால் தலை காயிலில் ஒதுங்கிக் கிடக்கிறது. லேசான ஏற்றத்தாழ்வை மென்பொருள் சரிசெய்யும், அதிகமானால் மறுபடி படுக்க வையுங்கள்.

அறிகுறி: அதே பிள்ளை, போன வருடம் ஓர் எண், இந்த வருடம் வேறு எண்

காசிமேட்டுப் பையனின் கதை இதுதான். நான் தேடிய வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் இயற்கை. 2022இல் நேச்சர் இதழில் 1,01,457 பேரின் 1,23,984 ஸ்கேன்களைச் சேர்த்து, கருவில் இருந்து நூறு வயது வரை மூளையின் வளர்ச்சி வரைபடம் வெளியானது. அதன்படி புறணியின் சாம்பல் பகுதி அளவு உச்சத்தைத் தொடுவது சராசரியாக 5.9 வயதில், அதற்குப் பிறகு மெல்ல இறங்கும். நரம்பு இழைகள் நிறைந்த வெள்ளைப் பகுதியோ 28.7 வயது வரை ஏறிக்கொண்டே போகும். ஆகவே ஒன்பதில் இருந்து பத்துக்குப் போகும் பிள்ளைக்குச் சாம்பல் பகுதி கொஞ்சம் குறைவது வளர்ச்சி. தேவையற்ற இணைப்புகள் கழிவதும் நரம்பு இழைகளுக்கு மேலுறை ஏறுவதும் சேர்ந்து படத்தில் அப்படித் தெரிகிறது. ஆனால் அந்தத் தாளில் இருந்த குறைவு ஒரு வருட வளர்ச்சிக்கு மிக அதிகம்.

அடுத்து மெஷின். பழுது பார்த்தார்களா, காயில் மாறியதா, மென்பொருள் ஏற்றினார்களா? எங்கள் பதிவேட்டில் எதுவும் இல்லை. தலை மெஷினின் மையத்தில் இருந்து விலகிப் படுத்திருந்தால் படம் லேசாக வளையும், இரண்டு தடவையும் ஒரே இடத்தில் படுத்தானா என்று பார்த்தேன், பெரிய விலகல் இல்லை.

அப்புறம் தண்ணீர். பெரியவர்கள் 16 மணி நேரம் நீர் குடிக்காமல் இருந்தபோது மூளையின் கன அளவு 0.55 சதவீதம் குறைந்ததாக 2005இல் ஒரு ஆய்வு காட்டியது. காலையில் எடுத்ததற்கும் மாலையில் எடுத்ததற்கும்கூடச் சின்ன வித்தியாசம் உண்டு. அக்னி நட்சத்திர வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு வருகிற பிள்ளைக்கு முதலில் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பது எங்கள் வழக்கம் ஆனது இதற்குப் பிறகுதான். பையனுக்கு இரண்டு ஸ்கேனும் காலையில்தான் எடுத்திருந்தது.

கடைசியில் கிடைத்தது கணக்குப் போட்ட கணினியில். முதல் வருடப் படத்தை, மூளைப் பகுதிகளை அளக்கும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருளின் பழைய பதிப்பிலும், இரண்டாம் வருடப் படத்தைப் புதிய பதிப்பிலும் ஓட்டியிருந்தார்கள். இது சின்ன விஷயம் அல்ல. 2012இல் ஒரு குழு ஒரே படங்களை அந்த மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளில் ஓட்டியபோது கன அளவில் சராசரியாக 8.8 சதவீதமும் தடிமனில் 2.8 சதவீதமும் வித்தியாசம் வந்தது. படம் அதே படம். கணினியும் இயங்குதளமும் மாறினால்கூட மாறியது. பையனின் இரண்டு படத்தையும் ஒரே பதிப்பில், ஒரே கணினியில் திரும்ப ஓட்டினோம். குறைவு சுருங்கி, அந்த வயதுக்கு எதிர்பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டது.

ஆகவே விதி: நடுவில் பதிப்பை மாற்றாதீர்கள், மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய படங்கள் எல்லாவற்றையும் புதியதில் மறுபடி ஓட்டுங்கள். இரண்டு மெஷினில் எடுத்த தரவைச் சேர்க்க காம்பேட் போன்ற சமன்செய்யும் முறைகள் இருக்கின்றன. ஆனால் சின்னப் பிள்ளைகள் எல்லாம் ஒரு மெஷினிலும் பெரிய பிள்ளைகள் எல்லாம் இன்னொன்றிலும் என்று எடுத்துவிட்டால் வயது எது மெஷின் எது என்று எந்த முறையாலும் பிரிக்க முடியாது. அதைப் படம் எடுக்கும் முன்பே தடுக்க வேண்டும்.

உங்கள் சென்டரின் பிழை எவ்வளவு என்று நீங்களே அளந்து வைத்துக்கொள்ளுங்கள், வெளியூர்க் கட்டுரையில் இருந்து எடுக்க வேண்டாம். பத்துப் பதினைந்து பிள்ளைகளை, பெற்றோர் ஒப்புதலோடு, ஒரு முறை எடுத்து, இறக்கி, கொஞ்சம் நடக்கவிட்டு, மறுபடி படுக்க வைத்து எடுங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசங்களின் திட்டவிலக்கத்தை (எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவை) 1.41ஆல் வகுத்தால் அளவீட்டுப் பிழை. அந்தப் பிழையை 2.77ஆல் பெருக்கினால் கிடைப்பது, ஒரே பிள்ளையிடம் மாற்றம் நடந்தது என்று நம்புவதற்குத் தேவையான குறைந்தபட்ச வித்தியாசம். உதாரணத்துக்குப் பிழை 1 சதவீதம் என்றால் 2.77 சதவீதத்துக்குக் கீழே வரும் எந்த மாற்றத்தைப் பற்றியும் அந்த ஒரு பிள்ளையை வைத்துப் பேசக்கூடாது. ஒரே நாளில் இரண்டு முறை எடுத்தால் படுத்த விதமும் அசைவும் மட்டும் தெரியும். ஒரு வாரம் கழித்து எடுத்தால் தூக்கம், தண்ணீர் எல்லாம் சேர்ந்து தெரியும். இரண்டும் செய்வது நல்லது.

அறிகுறி: பிள்ளையின் எண் "சராசரியைவிடக் குறைவு" என்று வருகிறது

பெரும்பாலும் இதில் கோளாறே இல்லை. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் குழு ஆண்டுக்கணக்காக ஆரோக்கியமான பிள்ளைகளை ஸ்கேன் எடுத்தது. கவனமாகத் தேர்ந்தெடுத்த பிள்ளைகளிடமே, ஒரே வயதில், மூளையின் மொத்த அளவு 50 சதவீதம் வரை வித்தியாசப்படலாம் என்பது அதில் தெரிந்தது. மொத்த அளவு உச்சம் தொடுவதும் பெண் பிள்ளைகளுக்குச் சராசரியாக 10.5 வயதில், ஆண் பிள்ளைகளுக்கு 14.5 வயதில். ஆறாவது வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பிள்ளைகளின் உயரம் எப்படியோ அப்படித்தான். அளவு குறைவு என்பதற்காக அறிவு குறைவு என்று யாரும் ஒரு தனிப் பிள்ளையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

எதோடு ஒப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள். மேலே சொன்ன பெரிய வரைபடத்தில் ஐரோப்பிய, வட அமெரிக்கத் தரவு மிக அதிகம். ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி. 2019இல் 100 இந்திய இளைஞர்களின் ஸ்கேனில் இருந்து ஒரு மூளை மாதிரியை உருவாக்கியபோது, மேற்கத்திய மாதிரியைவிடச் சராசரியாக உயரமும் அகலமும் கன அளவும் குறைவாக இருந்தன. இந்திய மாதிரியை வைத்தால் சராசரிக்குக் கீழே போகாத பிள்ளை, மேற்கத்திய மாதிரியை வைத்தால் போய்விடலாம்.

கைக்குழந்தை என்றால் இன்னும் கவனம். ஆறு முதல் ஒன்பது மாத வயதில் சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் படத்தில் ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருக்கும், பெரியவர்களுக்கான மென்பொருள் எல்லையைக் கண்டபடி போடும். அந்த வயதுக்கென்றே செய்த கருவிகள்தான் வேண்டும். எதை ஓட்டினாலும் எல்லைக் கோட்டைப் படத்தின் மேல் வைத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் கண்ணால் பாருங்கள்.

அறிகுறி: 25 பிள்ளைகளிடம் வந்த தொடர்பு அடுத்த 25 பேரிடம் காணவில்லை

இங்கே மெஷினைத் திட்ட வேண்டாம். உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாதபோதே 25 பேரை எடுத்தால் தற்செயலாக 0.4 வரைக்கும் ஒரு தொடர்பு எண் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) வரலாம். 2022இல் ஏறத்தாழ 50,000 பேரின் தரவை வைத்துப் பார்த்ததில் மூளை அளவுக்கும் நடத்தை, அறிவுத்திறன் அளவுக்கும் உள்ள தொடர்பு வழக்கமாக 0.01 பக்கம்தான் இருந்தது, திரும்பவும் நிரூபணமான மிகப் பெரியதே 0.16. அதில் ஒரு பங்கு அமெரிக்காவில் ஒன்பது, பத்து வயதில் சேர்த்த பிள்ளைகள் சுமார் 11,800 பேரைப் பின்தொடரும் ஏ.பி.சி.டி. ஆய்வின் தரவு.

அளவே ஆடினால் தொடர்பு இன்னும் கரையும். 1904இலேயே உளவியலாளர் ஸ்பியர்மன் சொன்ன கணக்கு: உண்மைத் தொடர்பு 0.3, ஸ்கேன் அளவின் நம்பகம் (திரும்ப அளந்தால் எவ்வளவு ஒத்துவரும் என்பது, 1 என்றால் முழுமை) 0.4, தேர்வின் நம்பகம் 0.8 என்றால் நம் கண்ணுக்குத் தெரிவது 0.17 மட்டுமே. பிள்ளைகளிடம் 0.4 என்பதே அதிகம். ஏ.பி.சி.டி. பிள்ளைகளுக்கு வேலை கொடுத்து எடுத்த எஃப்.எம்.ஆர்.ஐ. அளவுகளின் சராசரி நம்பகம் 0.1ஐக்கூடத் தொடவில்லை, குறைவாக அசைந்தவர்களிடம் மட்டும் மேலாக இருந்தது. இந்த எண்ணை வைத்து ஒரு பிள்ளைக்கு எந்தத் தீர்ப்பும் எழுதக்கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். கட்டமைப்பு அளவுகள் இதைவிட எவ்வளவோ தேவலாம்.

இன்னொன்று: நம்பகம் என்பது பிழையை மட்டும் பொறுத்ததல்ல. ஐந்து வயதில் இருந்து பதினெட்டு வரை கலந்து எடுத்தால் பிள்ளைகளுக்குள் வித்தியாசம் பெரிதாக இருக்கும், நம்பகமும் உயர்வாக வரும். பத்து வயதினர் மட்டும் என்றால், பிழை அதேதான், நம்பகம் விழும். ஒரு கட்டுரையின் எண்ணை எடுக்கும் முன் அவர்கள் வயது வரம்பைப் பாருங்கள்.

அறிகுறி: பயிற்சிக்குப் பிறகு பிள்ளைகளின் அளவு "மேம்பட்டுவிட்டது"

மிகக் குறைவான எண் வந்தவர்களை மட்டும் பொறுக்கிப் பயிற்சி கொடுத்தீர்களா? அப்படியானால் பயிற்சி கொடுக்காமலே இரண்டாவது முறை அவர்கள் எண் சராசரிப் பக்கம் நகரும், ஏனென்றால் முதல் எண்ணில் அன்றைய பிழையும் சேர்ந்து கீழே இழுத்திருக்கும். கால்டன் 1886இல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தில் இதைக் காட்டினார். பயிற்சிக்கு முன் இரண்டு முறை படம் எடுங்கள், முதல் படத்தை வைத்துத் தேர்ந்தெடுத்து இரண்டாவதை அடிப்படையாக வையுங்கள். பயிற்சி இல்லாத ஒரு குழுவும் அதே இடைவெளியில், அதே மெஷினில் வேண்டும்.

காசிமேட்டு அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டு, பையனின் இரண்டு வருடப் படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ரேடியாலஜிஸ்ட்டும் உடன் உட்கார்ந்து, படத்தில் கோளாறு எதுவும் இல்லை, எண்ணைப் போட்ட முறையில்தான் தவறு, தாளை உங்களிடம் கொடுத்ததும் எங்கள் தவறு என்று சொன்னார். அந்த அம்மா படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, மூன்றாம் வருட ஸ்கேனுக்கு எந்த மாதம் வர வேண்டும் என்று கேட்டார். பழைய தாளை வாங்கிக்கொண்டு, திருத்திய கணக்கை எந்தப் பதிப்பில் ஓட்டினோம் என்பதோடு கோப்பில் சேர்த்தேன்.